பல்லு டாக்டருக்குப் படிக்கணுமா? உங்க கேள்வியும் என் பதிலும்

போன இதழ்ல "டென்டல் படிப்பு பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்க"ன்னு ஓரமா ஒரு வரி போட்டதுக்கு இவ்வளவு வரும்னு நான் நினைக்கல. கவுன்சலிங் சீசன் வேற. பாதிப் பேர் கேட்டது "சேரலாமா வேணாமா"ங்கிற ஒரே கேள்விதான், அதனால அதுல ஒண்ணை மட்டும் எடுத்து நீளமா சொல்லிட்டேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டுக்கிட்டதால யாரு பேரும் போடல, ஊர் மட்டும்.

வணக்கம் டாக்டர். என் பொண்ணு ரெண்டாவது தடவை நீட் எழுதியும் எம்பிபிஎஸ் வர்ற அளவுக்கு மார்க் இல்ல. தனியார் காலேஜ்ல கவர்மென்ட் கோட்டாவுல பிடிஎஸ் கிடைக்கும்ங்கிறாங்க. சொந்தக்காரங்க எல்லாம் "போயும் போயும் பல்லு டாக்டரா, இன்னொரு வருஷம் படிக்க வைங்க"ன்னு சொல்றாங்க. என்ன பண்றதுன்னே தெரியல. – ஒரு அம்மா, விருதுநகர்

அம்மா, "போயும் போயும் பல்லு டாக்டரா"ங்கிற இதே வார்த்தையை எங்க அப்பாகிட்டயும் சொன்னாங்க, சொன்னவங்கள்ல ரெண்டு பேர் வாயில இப்ப இருக்கிற பல்செட்டு நான் கட்டுனது. அதை விடுங்க. உங்க கடிதத்துல சொந்தக்காரங்க இருக்காங்க, நீங்க இருக்கீங்க, மார்க்கு இருக்கு, உங்க பொண்ணு என்ன சொல்றாங்கிறது மட்டும் எங்கயுமே இல்ல. அவ டென்டல் வேணாம்னு சொல்றாளா, இல்ல ரெண்டு வருஷமா எம்பிபிஎஸ் எம்பிபிஎஸ்னு கேட்டுக் கேட்டு வேற எதுவும் காதுல ஏறாம இருக்காளா, அது தெரியணும்ல.

ஒண்ணு பண்ணுங்க. ஊர்ல தெரிஞ்ச பல் டாக்டர் யாராவது இருந்தா கேட்டுக்கிட்டு, ரெண்டு நாள் அவங்க கிளினிக்ல ஓரமா ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வைங்க. போன வருஷம் எங்க கிளினிக்குக்கு இப்படி ஒரு பொண்ணு வந்துச்சு. ஒரு பெரியவருக்குப் பல்லு கிளீன் பண்ணிட்டு இருந்தோம், அவர் ரத்தமும் எச்சிலுமா துப்பத் துப்ப அதுக்கு முகம் சுருங்கிக்கிட்டே போச்சு, சரி நாளைக்கு இது வராதுன்னு நெனச்சேன். மறுநாள் காலையில நான் ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னுச்சு, "டாக்டர், நேத்து அந்த எக்ஸ்ரேல வேர் நுனிகிட்ட கருப்பா வட்டமா இருந்துச்சே, அது என்ன"ன்னு கேட்டுச்சு. இப்ப பிடிஎஸ் முதல் வருஷம் படிக்குது. அதே மாதிரி வந்த ஒரு பையன் ரெண்டு நாளும் போனைத்தான் நோண்டிக்கிட்டு இருந்தான், அவங்க அப்பா அவனை பி.காம்ல சேத்துட்டாரு, நல்லாத்தான் இருக்கான்.

படிப்பு 5 வருஷம், 4 வருஷம் கிளாஸ், கடைசி 1 வருஷம் இன்டர்ன்ஷிப். இதுல சேந்துட்டு நடுவுல எம்பிபிஎஸ்க்கு மாறிக்கலாம்னு எவனாவது ஏஜென்ட் சொன்னா நம்பாதீங்க, அப்படி ஒரு வழியே கிடையாது, திரும்ப நீட் எழுதி முதல்ல இருந்துதான் வரணும். சீட்டுக்கு அடிச்சுக்கிற நிலைமையும் எம்பிபிஎஸ் அளவுக்கு இதுல இல்ல. 2020-21ல நாடு முழுக்க 7,000க்கு மேல பிடிஎஸ் சீட் காலியா கெடந்து, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, நீட் தகுதி கட்-ஆஃப்பையே 10 பர்சன்டைல் குறைச்சாங்க. படிப்பு மட்டமானதுனால காலியா கெடக்கலம்மா, தனியார் காலேஜ்ல கட்டுற காசுக்கும் வெளிய வந்ததும் கிடைக்கிற முதல் சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லாததுனாலதான்னு நான் நினைக்கிறேன். அதனால என் கணக்கு இதுதான்: கவர்மென்ட் கோட்டா ஃபீஸ் உங்களால மூச்சு முட்டாம கட்ட முடியும், பொண்ணுக்கும் அந்த ஸ்டூல்ல உக்காந்தப்புறம் மனசு இருக்குன்னா சேத்து விடுங்க. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு வயக்காட்டை வித்து சேக்குறதுன்னா வேணவே வேணாம்.

சார், நான் ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல். 7.5 இட ஒதுக்கீடு எம்பிபிஎஸ்க்கு மட்டுமா, பிடிஎஸ்க்கும் உண்டா? ஃபீஸ் எவ்வளவு ஆகும்? – மாணவன், தர்மபுரி மாவட்டம்

உண்டு தம்பி, பிடிஎஸ்க்கும் உண்டு. 2020ல வந்த சட்டம் அது, ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்சு நீட்ல தகுதி வாங்கியிருக்கணும். அந்த ஒதுக்கீட்டுல சீட் கிடைச்சா தனியார் காலேஜா இருந்தாலும் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் அரசாங்கமே கட்டிடுது, அதனால "டென்டல் காஸ்ட்லி"ன்னு யாராவது பயமுறுத்துனா காதுல வாங்காத. அரசு டென்டல் காலேஜ்னு பாத்தா மூணு இருக்கு. சென்னையில கோட்டை ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கிறது 1953ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜோட ஒரு பிரிவா ஆரம்பிச்சது. ரெண்டாவது சிதம்பரத்துல, முன்னாடி ராஜா முத்தையா டென்டல் காலேஜ்னு அண்ணாமலை யுனிவர்சிட்டிகிட்ட இருந்தது, இப்ப கடலூர் மாவட்ட அரசுக் கல்லூரி. மூணாவது புதுக்கோட்டை, 2023ல திறந்தது. சாய்ஸ் ஃபில்லிங்ல இந்த மூணையும் மேல போட்டுட்டு அப்புறம் மத்ததைப் போடு. ஸ்கூல்ல இருந்து படிச்ச சான்றிதழை இப்பவே கேட்டு வாங்கி வச்சுக்கோ, கடைசி நேரத்துல ஹெச்.எம். லீவுல போயிடுவாரு.

ஃபர்ஸ்ட் இயர் பிடிஎஸ் படிக்கிறேன் டாக்டர். தியரி எல்லாம் ஓகே, ஆனா வேக்ஸ் கார்விங் சுத்தமா வரல. கை நடுங்குது. நான் செதுக்குறது பல்லு மாதிரியே இல்ல, உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு. எனக்கு இந்தப் படிப்பு செட் ஆகாதோன்னு தினமும் அழுகையா வருது. – மாணவி, சேலம்

அழாதம்மா, உருளைக்கிழங்கு வரைக்கும் வந்திருக்கேல்ல, நான் மொதல்ல செதுக்குனது சோளக்கட்டையாட்டம் இருந்துச்சு.

படிக்கிற மத்தவங்களுக்கு விளங்கணும்ல, அதனால சொல்லிடுறேன்: முதல் வருஷத்துல டென்டல் அனாடமின்னு ஒரு பேப்பர் உண்டு, அதுக்கு பிராக்டிகல்ல ஒரு மெழுகுக் கட்டையைக் கையில குடுத்து, மேல் முன்பல்லோ கோரைப்பல்லோ கடவாப்பல்லோ அளவு பிசகாம செதுக்கச் சொல்லுவாங்க. பெருசா செதுக்குறதுதான், ஆனா பல்லோட ஒவ்வொரு மேடும் பள்ளமும் இருக்கணும். பாக்குறவங்களுக்கு பொம்மை வேலை மாதிரி இருக்கும், பின்னாடி ஒரு உடைஞ்ச பல்லை வாயிலயே வச்சு திரும்பக் கட்டும்போதுதான் தெரியும் எதுக்கு செதுக்க வச்சாங்கன்னு, ஏன்னா பல்லோட உருவம் கண்ணுல இல்ல விரல்ல இருக்கணும்.

உனக்கு என்ன தப்பு நடக்குதுன்னு நான் பாக்காமயே சொல்றேன். நீ எடுத்த உடனே ரவுண்டு பண்ண ஆரம்பிச்சிருப்ப. ரவுண்டு கடைசி வேலை. மொதல்ல கட்டையோட முன்பக்கத்துல பல்லை முன்னால பாத்தா எப்படித் தெரியுமோ அந்தக் கோட்டைப் பென்சில்ல வரைஞ்சுக்கோ, ஸ்கேல் வச்சு அளந்து. அந்தக் கோட்டுக்கு வெளிய இருக்கிறதை ரெண்டு பக்கமும் நேரா வெட்டி எடு, இப்ப அது பிஸ்கட் மாதிரி தட்டையா நிக்கும். அப்புறம் பக்கவாட்டுல பாத்தா எப்படித் தெரியுமோ அதை வரைஞ்சு அதையும் வெட்டு. இப்ப மூலை மூலையா முரட்டுத்தனமா ஒரு பல்லு நிக்கும் பாரு, அதுக்கப்புறம்தான் மூலையை மழுக்கணும். கத்தியை உன் பக்கமா இழுக்காத, கட்டைவிரலை மெழுகு மேல ஊன்றிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா சீவு, ஊனுன விரல் இருந்தா கை நடுங்காது, நாளைக்கு வாய்க்குள்ள வேலை பாக்கும்போதும் இதே ஊன்றல்தான், பக்கத்துப் பல்லு மேல விரல் ஊனித்தான் எல்லாம் பண்ணுவ. கடைசியா ஈரப் பஞ்சுல லேசா சோப்பு தொட்டு தேச்சேன்னா பளபளன்னு ஆயிடும், ஆனா அளவு தப்பா இருந்தா பளபளப்புக்கு மார்க் கிடையாது.

அப்புறம் பல்லை உத்துப் பாரு. புக்குல இருக்கிற படத்தை இல்ல, கண்ணாடியில உன் பல்லையே பாரு. நடு முன்பல்லுல, நடுக்கோட்டுப் பக்கம் இருக்கிற மூலை கூரா இருக்கும், வெளிப்பக்க மூலை கொஞ்சம் மொழுக்குன்னு இருக்கும். ஒத்தப் பல்லைக் கையில குடுத்து இது வலதா இடதான்னு வைவாவுல, அதான் வாய்மொழித் தேர்வுல, கேட்டா அந்த மூலைதான் உன்னைக் காப்பாத்தும். மேல் முதல் கடவாப்பல்லுல உள்பக்கமா சில பேருக்கு சின்னதா ஒரு கூடுதல் முட்டு இருக்கும், காரபெல்லின்னு பேரு, நாக்கை வச்சு தடவிப் பாரு உனக்கு இருக்கான்னு.

நான் பண்ணுன கூத்து ஒண்ணு சொல்றேன். பிராக்டிகலுக்கு ரெக்கார்டோட சேத்து வைக்க வேண்டிய கடவாப்பல்லை மூணு ராத்திரி உக்காந்து செதுக்கி, உடையக் கூடாதேன்னு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்ல வச்சு மூடி எடுத்துட்டுப் போனேன். ஏப்ரல் வெயில், பஸ்ல ஒரு மணி நேரம். காலேஜ்ல தொறந்து பாத்தா மூடியில பட்டு முட்டெல்லாம் அமுங்கி, பரோட்டாக் கல்லு மேல வச்ச மாதிரி தட்டையா இருக்கு. சார் அதைத் தூக்கிப் பாத்துட்டு "இது எந்த மிருகத்தோட பல்லு"ன்னு மட்டும் கேட்டாரு. அதுக்கப்புறம் சோப்பு டப்பாவுல பஞ்சு போட்டுத்தான் கொண்டு போவேன், நீயும் அப்படியே பண்ணு. இன்னும் 20 பல்லு செதுக்கிட்டு எழுது, அப்பவும் அழுகையா வந்தா பேசுவோம்.

டாக்டர், என் பையன் செகண்ட் இயர். ஒரு பாட்டிலை எடுத்துக்கிட்டு ஊர்ல இருக்கிற பல் கிளினிக் எல்லாம் ஏறி இறங்கி புடுங்குன பல்லு இருக்கான்னு கேட்டுட்டு இருக்கான். வீட்டு ஃப்ரிட்ஜ்ல மாவுக்குப் பக்கத்துல அந்த பாட்டில் இருக்கு. இது ராகிங்கா? காலேஜ்ல கம்ப்ளைன்ட் பண்ணலாமா? – ஒரு அப்பா, திருப்பூர்

சார், சத்தமா சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. ராகிங் இல்ல, ஹோம்வொர்க். ரெண்டாவது வருஷம் ப்ரீக்ளினிக்கல்னு ஒரு கட்டம் இருக்கு, உயிருள்ள ஆள் வாயில கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பொம்மைத் தலையில, பிளாஸ்டிக் பல்லுல, அப்புறம் நிஜப் பல்லை பிளாஸ்டர்ல பதிச்சு வச்சு அதுல குழி தோண்டி அடைக்கப் பழகுவாங்க. பிளாஸ்டிக் பல்லு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வெட்டுப்படும். நிஜப் பல்லுல மேல எனாமல் கல்லு மாதிரி இருக்கும், அதைத் தாண்டி உள்ள டென்டின்ல போன உடனே டிரில் சட்டுன்னு வழுக்குற மாதிரி சுலபமா இறங்கும், அந்த மாற்றம் கைக்குப் பிடிபடலன்னா நாளைக்கு நோயாளிக்கு நரம்பு வரைக்கும் தோண்டிடுவான். அதுக்குத்தான் இந்தப் பிச்சை. நாங்களும் எடுத்திருக்கோம்.

சொத்தை இல்லாத முழுப் பல்லு கிடைக்கிறதுதான் கஷ்டம், ஏன்னா நல்ல பல்லை யாரு புடுங்குவா. கிளிப் போடுறதுக்காக எடுக்கிற சின்னக் கடவாப்பல்லுதான் பையனுக்குத் தங்கம், கிளிப் போடுற டாக்டர் யாருன்னு விசாரிச்சு அங்க போகச் சொல்லுங்க.

ஆனா அந்த ஃப்ரிட்ஜ் விஷயத்துல நீங்க கோவப்பட்டது நூத்துக்கு நூறு சரி. புடுங்குன பல்லுல ரத்தம், சதை எல்லாம் ஒட்டியிருக்கும், நோய்த்தொற்று பரவுற பொருள் அது. கிளவுஸ் போட்டுத்தான் தொடணும், ஹைப்போகுளோரைட்ல ஊற வச்சு, சுத்தம் பண்ணி, காலேஜ்ல சொல்ற முறைப்படி கிருமிநீக்கம் பண்ணிட்டுத்தான் வெட்டணும். காய விடவும் கூடாது, காஞ்சா டிரில் பட்டதும் விரிசல் விட்டுடும், ஈரத்துலயே வைக்கணும். அதுக்காக இட்லி மாவு பக்கத்துலயா? மூடி இறுக்கமான பாட்டில்ல பேர் எழுதி, சாப்பாட்டுப் பொருள் இல்லாத இடமாப் பாத்து வைக்கச் சொல்லுங்க. மாவைக் கொட்டிட்டீங்கன்னு நம்புறேன்.

பல்லு மட்டும் ஏன் தனிப் படிப்பு? கண்ணு, காது, மூக்கு எல்லாம் எம்பிபிஎஸ் படிச்சுட்டு தானே பண்றாங்க? – வாசகர், கும்பகோணம்

நல்ல கேள்வி, காலேஜ்ல எங்களுக்கும் இது தோணும். உலகத்துலயே முதல் டென்டல் காலேஜ் 1840ல அமெரிக்காவுல பால்டிமோர்ல ஆரம்பிச்சது. அங்க இருந்த மெடிக்கல் காலேஜ்ல பல் மருத்துவத்தையும் சேத்து சொல்லிக் குடுங்கன்னு கேட்டதுக்கு அவங்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, அந்தக் கோவத்துலதான் தனியா ஆரம்பிச்சாங்கன்னு ஒரு கதை எங்க வட்டாரத்துல ரொம்ப நாளா ஓடுது. கதை எவ்வளவு நிஜமோ, பிரிஞ்சது பிரிஞ்சதுதான். நம்ம நாட்டுல 1920ல கல்கத்தாவுல டாக்டர் ஆர். அகமது முதல் டென்டல் காலேஜை ஆரம்பிச்சாரு, இன்னைக்கும் அது அவர் பேர்லதான் இருக்கு. 1948ல டென்டிஸ்ட் சட்டம் வந்து இந்தத் தொழிலுக்குத் தனிப் பதிவு, தனி கவுன்சில்னு ஆச்சு, 2023ல நேஷனல் டென்டல் கமிஷன் சட்டம் வந்திருக்கு.

ஆனா முழுசா தனின்னு நினைக்காதீங்க. முதல் வருஷம் உடம்பு முழுக்க அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி படிக்கணும், பிண அறையில நிக்கணும். ரெண்டாவது வருஷம் பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, பார்மகாலஜி. மூணாவது வருஷம் ஜெனரல் மெடிசின், ஜெனரல் சர்ஜரி, பெரிய ஆஸ்பத்திரி வார்டுக்குப் போயி ஸ்டெத்தாஸ்கோப் வச்சு கேட்டு கேஸ் எழுதணும். பல் டாக்டர்கிட்ட போனா சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறீங்களான்னு கேக்குறாங்கல்ல, அது அந்த மூணாவது வருஷத்துல படிச்சது.

மேல் பல்லை எடுத்தா கண்ணு பார்வை போயிடும்னு எங்க பாட்டி பல்லு காட்டவே வரமாட்டேங்குது. நான் தேர்ட் இயர் பிடிஎஸ், என் பேச்சையே வீட்டுல யாரும் நம்பல! – மாணவன், மதுரை

தம்பி, நீ பேராசிரியரே ஆனாலும் பாட்டிக்கு நீ டவுசர் போட்ட பையன்தான். பல்லுக்கு வர்ற நரம்பு அஞ்சாவது மூளை நரம்போட கிளை, பார்வைக்குப் போறது ரெண்டாவது நரம்பு, ரெண்டுக்கும் ரூட்டே வேறன்னு உனக்குத் தெரியும், அதைப் பாட்டிகிட்ட சொல்லி ஒரு பிரயோசனமும் இல்ல. கண்ணு மங்குற வயசும் பல்லு ஆடுற வயசும் ஒண்ணுதான், பல்லை எடுத்த மறு வருஷம் புரை விழுந்தா பழி பல்லு மேல விழுது, அவ்வளவுதான் சங்கதி. பல்லு எடுத்துட்டு இன்னமும் ஊசியில நூல் கோக்குற வேற ஒரு பாட்டியைத் தெருவுல தேடிப் பிடிச்சு கூட்டிட்டு வந்து உக்கார வை. எனக்கு இதுதான் வேலை செஞ்சிருக்கு.

ஃபைனல் இயர் படிக்கிறேன் சார். எங்க காலேஜ்ல பேஷன்ட் வரத்தே இல்ல. ஆனா இத்தனை பேஷன்ட் பாக்கணும்ங்கிற கோட்டா முடிக்கலன்னா எக்ஸாம் எழுத விடமாட்டோம்ங்கிறாங்க. நாங்களே ஆட்டோ பிடிச்சு, காசு குடுத்து ஆளைக் கூட்டிட்டு வர்றோம். இது எல்லா இடத்துலயும் இப்படித்தானா? – பெயர் ஊர் வேண்டாம்

எல்லா இடத்துலயும் இல்ல, ஆனா நிறைய இடத்துல இப்படித்தான். கவர்மென்ட் காலேஜ்ல காலையில ஓ.பி.யில நிக்கிற கூட்டத்தைப் பாத்தா உனக்குப் பொறாமையா இருக்கும். ஊருக்கு வெளிய பைபாஸ்ல கட்டின காலேஜுக்கு பல்லு வலிக்கிறவன் எப்படி வருவான்? அதனாலதான் சேர்றதுக்கு முன்னாடி பில்டிங்கைப் பாக்காதீங்க, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில 10 மணிக்குப் போயி ஓ.பி.யில எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு எண்ணுங்கன்னு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லுவேன். ஃபைனல் இயர்ல எட்டு டிபார்ட்மென்ட், ஒவ்வொண்ணுலயும் இத்தனை கேஸ்னு கணக்கு, ஆள் இல்லாம எப்படிக் கத்துக்க முடியும்.

எங்க காலத்துல பெரிய தலைவலி முழு பல்செட்டு கேஸ்தான். ஒரு தடவையில முடியாது. முதல் அளவு, அதுல தட்டு செஞ்சு ரெண்டாவது அளவு, மேல் தாடை கீழ் தாடை எப்படிச் சேருதுன்னு மெழுகுல எடுக்கிறது, பல்லை மெழுகுல அடுக்கி போட்டுப் பாக்குறது, அப்புறம்தான் நிஜ செட்டு, அதுக்கப்புறம் குத்துற இடத்தைத் தேச்சுக் குடுக்க ரெண்டு தடவை. எனக்குக் கிடைச்ச தாத்தா மூணாவது தடவையோட வர்றதை நிறுத்திட்டாரு. பரீட்சைக்கு மூணு வாரம். நான் பஸ் ஏறி, அப்புறம் ரெண்டு கிலோமீட்டர் நடந்து அவர் ஊருக்கே போனேன். திண்ணையில உக்காந்து வெத்தலையை சின்ன உரல்ல இடிச்சுக்கிட்டு இருந்தாரு. "ஏன் தாத்தா வரல"ன்னா, "நீ ஒவ்வொரு தடவையும் வாயில சாந்தைப் பூசி அனுப்புற, பல்லைக் கண்ணுல காட்ட மாட்டேங்குறியே"ன்னாரு. அவர் சொன்னது நியாயம்தானே, நான் ஒரு தடவையாவது அவர்கிட்ட எத்தனை முறை வரணும், எதுக்குன்னு சொல்லியிருந்தேனா? அளவு எடுத்தேன், கையெழுத்து வாங்குனேன், அனுப்பிட்டேன். அன்னைக்குத் திண்ணையிலயே உக்காந்து விரல் விட்டு எண்ணி சொன்னேன், மறுநாள் முதல் பஸ்ல அவரே வந்துட்டாரு. செட்டு போட்டதும் கண்ணாடியைப் பாத்துட்டு, மடியில இருந்து ஒரு முறுக்கை எடுத்தாரு பாருங்க. புது செட்டுல முறுக்கு கடிக்கவே கூடாது! நான் கத்துறதுக்குள்ள கடிச்சுட்டாரு. ஒண்ணும் ஆகல, நல்ல வேளை.

காசு குடுத்துக் கூட்டிட்டு வர்ற வேலை இருக்கே, அதை நான் தப்புன்னு உன் மேல போட மாட்டேன், உன்னை அந்த நிலைமைக்குத் தள்ளுன நிர்வாகத்தோட தப்பு அது. ஆனா ஒண்ணு, கோட்டா நிறையணும்னு தேவையில்லாத பல்லுல குழி தோண்டாத. ஒரு கேஸ் கொறஞ்சா திரும்ப எழுதிக்கலாம், தோண்டுன எனாமல் திரும்ப வளராது. நீங்க பேட்ச்சா சேந்து பக்கத்து கிராமத்துல ஸ்கூல் கேம்ப் போட பப்ளிக் ஹெல்த் டிபார்ட்மென்ட்ல கேளுங்க, அங்க இருந்து வர்ற ஆளுங்க உண்மையிலேயே பல்லு வலிச்சு வர்றவங்களா இருப்பாங்க.

எனக்கு இடது கைப் பழக்கம். டென்டல் படிக்க முடியுமா? – மாணவி, நாகர்கோவில்

தாராளமா. வலது கைக்காரங்க நோயாளிக்கு வலது பக்கம், கடிகாரத்துல 9 மணி இருக்கிற இடத்துல உக்காருவாங்க, நீ இந்தப் பக்கம் 3 மணியில உக்காரணும். காலேஜ்ல நிறைய சேர் வலது கைக்குத்தான் செட் பண்ணியிருப்பாங்க, முதல் நாளே சொல்லி எந்த சேர் மாத்த வசதியோ அதைக் கேட்டு வாங்கிக்கோ. கூச்சப்பட்டு வலது கையில பழகுறேன்னு மட்டும் ஆரம்பிக்காத, முதுகு போயிடும்.

பிடிஎஸ் முடிச்சா அடுத்து என்ன? வேலை கிடைக்குமா, சம்பளம் எவ்வளவு வரும்? உண்மையைச் சொல்லுங்க. – இன்டர்ன், கோவை

உண்மையா? முதல் ரெண்டு மூணு வருஷம் உன்கூட படிச்ச இன்ஜினியரிங் பசங்களைவிடக் கம்மியா வாங்குவ, அதை இப்பவே மனசுல ஏத்திக்கோ. ஸ்டேட் டென்டல் கவுன்சில்ல பதிவு பண்ணிட்டு ஒரு சீனியர் கிளினிக்ல அசிஸ்டென்டா சேருவ, அங்க சம்பளத்தைப் பாக்காத, உன் கையில கேஸ் குடுக்குறாங்களான்னு பாரு. ஏ.சி. ரிசப்ஷன்ல உக்கார வச்சு டோக்கன் போடச் சொல்ற இடம்னா மறுநாளே கெளம்பு. கவர்மென்ட் வேலை எம்ஆர்பி, அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா வரும், ஆனா டென்டல் அசிஸ்டென்ட் சர்ஜன் இடம் எம்பிபிஎஸ் மாதிரி ஆயிரக்கணக்குல வராது, அதை மட்டும் நம்பி வீட்டுல உக்காந்துடாத.

பிடிஎஸ்க்கு மேல படிக்கிற எம்டிஎஸ் 3 வருஷம், நீட் எம்டிஎஸ் எழுதணும். கிளிப் போடுற ஆர்த்தோ, வேர் சிகிச்சை பாக்குற எண்டோ, தாடை ஆபரேஷன் பண்ற ஓரல் சர்ஜரி, இதுக்கெல்லாம் போட்டி ஜாஸ்தி. வெளிநாடுன்னா நம்ம பிடிஎஸ்ஸை அப்படியே எடுத்துக்க மாட்டாங்க. பிரிட்டன்ல ஓஆர்இ ரெண்டு பார்ட் எழுதணும், அமெரிக்காவுல ஐஎன்பிடிஇ எழுதி பெரும்பாலும் அங்க யுனிவர்சிட்டியில ரெண்டு மூணு வருஷம் திரும்பப் படிக்கணும், ஆஸ்திரேலியாவுல ஏடிசி பரீட்சை. வளைகுடா நாட்டுக்கு லைசென்ஸ் பரீட்சை இருக்கு, அங்க அனுபவம் கேப்பாங்க. எல்லாத்துக்கும் காசு, காலம் ரெண்டும் ஆகும்.

சொந்த கிளினிக் போடுறதுன்னா நகரத்துல ஒரே தெருவுல நாலு போர்டு தொங்குது, நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சந்தை ஊர்ல ஒரு போர்டு கூட இல்ல. நான் அப்படி ஒரு ஊருக்குத்தான் வந்தேன். முதல் மாசம் மொத்தம் 11 பேர் வந்தாங்க, அதுல ரெண்டு பேர் பக்கத்து மெடிக்கல் எங்கேன்னு வழி கேக்க வந்தவங்க. அந்த ஒம்பது பேர்ல ஒரு அம்மா இன்னைக்குப் பேரனைக் கூட்டிட்டு வர்றாங்க. கருவிகளைக் கிருமிநீக்கம் பண்ற ஆட்டோகிளேவ் மட்டும் கடன் வாங்கியாவது நல்லதா வாங்கு, சேர் செகண்ட் ஹேண்ட் போதும்.

பொண்ணுக்கு பிடிஎஸ் அட்மிஷன் போட்டாச்சு டாக்டர்! காலேஜ்ல ஒரு பெரிய லிஸ்ட் குடுத்திருக்காங்க, எல்லாத்தையும் இப்பவே வாங்கணுமா? – ஒரு அப்பா, தூத்துக்குடி

சந்தோஷம் சார். எல்லாத்தையும் வாங்காதீங்க. முதல் வருஷத்துக்கு வெள்ளை கோட் மூணு (மெழுகும் பிளாஸ்டரும் ஒட்டுனா துவைக்க நாளாகும்), கார்விங் கத்தி செட் ஒண்ணு, மெழுகுக் கட்டை ரெண்டு மூணு பாக்கெட், ஒரு நல்ல ஸ்கேல், அவ்வளவு போதும். டிரில் மோட்டார், பல்லு அடைக்கிற சாமானெல்லாம் ரெண்டாவது வருஷம்தான், அதையும் பாஸ்அவுட் ஆகிப் போற சீனியர்கிட்ட பாதி விலைக்கு வாங்கலாம், ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுல மே மாசம் தொங்கும். புக்கும் அப்படியே. அதைவிட முக்கியமா ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 3 டோஸ், போட்டு முடிக்க ஆறு மாசம் ஆகும், நோயாளியைத் தொடுறதுக்கு முன்னாடி முடிச்சிருக்கணும், இப்பவே ஆரம்பிச்சுடுங்க.

அப்புறம் மூடி போட்ட சோப்பு டப்பா ஒண்ணு, பிளாஸ்டிக்ல, கொஞ்சம் உயரமானதா.